தேயிலைக்குள் ஒரு கருப்பு முதுகு

கெஸியாவுக்கு ஐந்து வயது முடிந்தும் அவள் கால் தரையில் பட்டுப் பார்த்தவர்கள் குறைவு. எல்லாம் அவள் அப்பா தனசிங் செய்த வேலை. தேயிலை ஃபேக்டரியில் அவனுக்கு மதிய ஷிப்ட். காலை முழுக்க மகளுக்கு ஸ்வெட்டர் மாட்டுவான், ஷூ போடுவான், இட்லியைப் பிட்டு ஊட்டுவான். பிறகு இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான், தேயிலைக்கு நடுவே ஒரே பாதை. ஆனாலும் மகாராணி நடக்க மாட்டாள்.

டீச்சர் ஒருநாள் பட்டென்று சொல்லிவிட்டார். "ஏனுங்க, நீங்க எறக்கி விட்டுட்டுப் போனா ஒரு மணி நேரம் அழுவுறா. அவளைத் தனியா அனுப்பிப் பாருங்க."

கொழுந்து பறிக்கக் கிளம்பிய மனைவி தபித்தாளும் அதையே பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு அவளே போவட்டும். நீங்க வாசலைத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

தனசிங் தலையாட்டினான். வழியில் விழுந்துவிடுவாளோ என்ற பயம் பாதி. விழாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் தனக்கு என்ன வேலை என்ற பயம் மீதி. இந்த இரண்டாவதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கெஸியா தானே ஷூ போட்டாள், கால் மாற்றி. "வர்றேனுங்கப்பா" என்றவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குச் சுருக்கென்றது. அவ்வளவுதான், கருப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைக்குள் புகுந்துவிட்டான். குனிந்து குனிந்து கூடவே போனான். செடிகள் சலசலத்தன.

கெஸியா நின்றாள். செடிகளுக்கு மேலே கருப்பாக ஒரு முதுகு தெரிந்தது.

காட்டெருமை எதிர்ப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த எஸ்டேட்டில் பொடிசுகளுக்கும் தெரியும். கத்தக் கூடாது, ஓடக் கூடாது, மெதுவாகப் பின்வாங்கிப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். கெஸியாவின் உதடு நடுங்கியது. அழாமல் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினாள். இலைகளின் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த தனசிங்குக்குத் தாவிப் போய்த் தூக்கிக்கொள்ளத் துடித்தது. எழுந்தால் குட்டு உடைந்துவிடும். அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் தகர டப்பாவையும் தட்டையும் தட்டிக்கொண்டு லயன் சனமே வந்தது. முன்னால் பக்கத்து வீட்டுச் சின்னம்மை, அவள் முதுகுக்குப் பின்னால் கெஸியா. ஒரு கல் பறந்து வந்து அவன் தோளில் விழுந்தது.

"அய்யோ, நாந்தாங்க!" என்று கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கெஸியா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? ஆனா அழுவல."

"தெரியும் கண்ணு. பாத்தேன்." பழக்கத்தில் தூக்கக் கையை நீட்டினான்.

"வேண்டாம். மணியடிச்சிருவாங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க."

பாதையில் அவள் மட்டும் நடந்தாள். பள்ளிக்கூடக் கேட்டருகே போனதும் திரும்பிப் பார்த்தாள். டாட்டா காட்ட அல்ல, அப்பா பின்னால் வருகிறாரா என்று பார்க்க. தனசிங் சட்டென்று லயன் பக்கம் திரும்பி நடந்தான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை, அழுகையும் தாங்கவில்லை. ஆனாலும் வீடு வரும்வரை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.