எட்டு பத்துக்கு ஒரு பள்ளம்

விடியற்காலை நாலரைக்கே சுரங்க ரயில் நிலையத்தின் படிகள் நனைந்துவிடும். மேலிருந்து கீழே எண்பத்திரண்டு படிகள். துப்புரவு அம்மாள் ஒவ்வொன்றிலும் குனிந்து, காய்ந்த எச்சிலைத் தகட்டால் சுரண்டி, வாளித் தண்ணீரை வீசித் தள்ளிக்கொண்டே இறங்குவாள். வாசலில் இரும்புக் கதவைச் சுருட்டும் மோட்டார் பழுதாகி எட்டு மாதம் ஆகிறது. சங்கிலியைப் பிடித்து இரண்டு ஆள் தொங்கினால்தான் கதவு மேலே போகும். வாயிலில் வேலை பார்க்கும் அத்தான் தொங்கும்போது கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கும்.

நம்பரம்மா படியிறங்கி வந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. துப்புரவு அம்மாள் அவள் காலுக்கு அருகிலேயே தண்ணீரை வீசினாள்.

கால்மணிக்கு ஒரு தரம் நுழைவுக் கதவுகள் எத்தனை பேரை எண்ணின என்று பார்த்து, அதற்கு என்ன அர்த்தம் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அதனால் வந்த பெயர் அது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் பலகையில் ஓர் அறிவிப்பு தொங்கியது. காலை நேரக் கூட்டம் குறைந்துவிட்டதாம். முதல் தேதியிலிருந்து வாயிலுக்கு ஆறு பேர் வேண்டாம், மூன்று பேர் போதுமாம். போக வேண்டியவர்களில் முதல் ஆள் அத்தான், அவளுடைய சொந்த அக்காவின் கணவர். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அன்றிலிருந்து அக்கா அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பாத்திரம் மட்டும் ஓங்கி வைக்கப்பட்டது.

நம்பரம்மா மனத்திலும் சந்தேகம் இருந்தது, அதுவும் அத்தான்மேல். காலை ஏழிலிருந்து எண்ணிக்கை ஏறிக்கொண்டே வரும். எட்டு பத்துக்குப் பாதியாக விழும். எட்டு நாற்பதுக்கு மறுபடி ஏறும். வேலை நாட்களில் மட்டும் இந்தப் பள்ளம், அதுவும் நாலு மாதமாக மட்டும். அத்தான் விடுப்பிலிருந்த இரண்டு நாளும் பள்ளமே இல்லை. காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுகிறாரோ? கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அன்று ஏதோ தேடப்போய் அலமாரியிலிருந்த முதலுதவிப் பதிவேட்டைப் புரட்டினாள். அத்தான் விடுப்பிலிருந்த அந்த இரண்டு நாளுக்கும் நாளுக்கொரு வரி. ஒரு நாள், எட்டு இருபது, நெரிசலில் மாணவி கை முறிவு. இன்னொரு நாள், எட்டு பதினைந்து, முதியவர் மயக்கம். அத்தான் இல்லாத நாளில்தான் நெரிசல். கீழே ஓடினாள்.

மணி எட்டு பத்து. படி முழுக்கத் தலைகள். பின்னாலிருப்பவர்கள் தள்ள, முன்னாலிருப்பவர்கள் தடுப்புக் கம்பியில் நசுங்கினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. அத்தான் இடுப்புச் சாவியை எடுத்து, சக்கர நாற்காலிக்கென்று வைத்த அகலக் கதவைத் திறந்துவிட்டார்.

"மாசப் பாஸ் அட்டையைத் தூக்கிக் காட்டிக்கிட்டே போங்க! ஓடாதீங்கம்மா!"

அட்டைகள் உயர்ந்தன. டிக்கெட் இல்லாத ஒருவனை அத்தான் சட்டையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். அந்தக் கதவில் எண்ணும் கருவி கிடையாது.

"எத்தனை நாளா அத்தான்?"

"ஒரு பிள்ளைத்தாச்சி இங்க நசுங்கினதிலேருந்து. உத்தரவு இல்லாம திறந்தா வேலை போயிடும். போ, போய் எழுதிக் குடு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ மேல உட்கார்ந்திருக்கிறவ. உன்னை எப்படி நம்புறது?"

அவளும் அவரை நம்பவில்லையே. இந்த இரண்டு அவநம்பிக்கையையும் வைத்துத்தான் மேனேஜர் மூன்று பேர் வயிற்றில் அடிக்கப் பார்த்தார்.

அவள் மேலே போய்ச் சொன்னதையெல்லாம் மேனேஜர் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மெஷின் பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லல சார். அது கண்ணுக்கு முன்னாடி போனவங்களைத்தான் எண்ணும். அகலக் கதவுல போறவங்க அதுக்குத் தெரியாது."

"பூட்டியிருக்க வேண்டிய கதவாச்சே! யாரு திறக்கிறது? பேரை எழுதிக் குடு, அப்புறம் உன் பள்ளத்தைப் பார்க்கலாம். இல்லேன்னா கூட்டம் குறைவுன்னு இதுல கையெழுத்துப் போடு. நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள."

எந்தக் காகிதத்தில் எழுதினாலும் அத்தான் வெளியே. மேனேஜர் கெட்டிக்காரர்தான்.

மதியம் துடைப்பம் வைக்கும் அறையில் வாயில் ஆட்கள் ஆறு பேரும் துப்புரவு அம்மாளும் கூடினார்கள். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உன்னை வேவு பார்க்க அனுப்பிச்சாரா?" என்றாள் துப்புரவு அம்மாள்.

"அனுப்பியிருந்தா இந்தக் காகிதத்தை உங்ககிட்ட ஏன் காட்டுறேன்?"

அத்தான் தலையைத் தொங்கப்போட்டார். "என் பேரை எழுதிடு. மத்தவங்களாவது பிழைக்கட்டும்."

"நல்லாயிருக்கே!" துப்புரவு அம்மாள் சீறினாள். "உன்னை அனுப்பிட்டு அந்தக் கதவைப் பூட்டிட்டா? விழுறவங்க ரத்தத்தை நான்தானே கழுவணும்? எழுதும்மா. திறக்கிறது நாங்க எல்லாரும்னு எழுது. மோட்டாரையும் சேர்த்து எழுது."

ஆறு கையெழுத்தும் ஒரு பெருவிரல் ரேகையும் விழுந்தன. எட்டாவதாக நம்பரம்மா போட்டாள்.

மறுநாள் எட்டு பத்துக்கு மேனேஜரே கீழே வந்து நின்றார், கையில் எட்டுப் பேரும் எழுதிக் கொடுத்த காகிதம். அத்தான் இடுப்புச் சாவியை எடுத்ததும் நம்பரம்மா சாவியை வாங்கிக்கொண்டாள். பூட்டருகே போனாள். அப்போது யாரோ வந்து தோளை இடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா; ராத்திரி அத்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"நீ திற. நான் எண்ணுறேன்" என்றாள். "என்னை யாரு வேலையை விட்டுத் தூக்க முடியும்? எனக்குத்தான் வேலையே இல்லையே."

கதவு திறந்தது. அட்டைகள் உயர்ந்தன. அக்கா உரக்க எண்ணினாள். பத்துப் பத்தாக அவள் குரல் கொடுக்க, துப்புரவு அம்மாள் விடியலில் தானே கழுவிய சுவரில் சாக்கட்டியால் ஒவ்வொரு கோடாக இழுத்தாள். வரிசையில் போன சிலரும் திரும்பிப் பார்த்து, "என்னையும் சேர்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என்ன இதெல்லாம்? முதல்ல அந்தச் சுவரைத் துடை!" என்றார் மேனேஜர்.

துப்புரவு அம்மாள் திரும்பவில்லை. அடுத்த கோட்டை இழுத்துக்கொண்டே சொன்னாள்:

"இருங்க சார். இன்னும் ஆளு வந்துக்கிட்டே இருக்காங்க."