மெரிலின் கழுவிய கண்ணாடி

அடிலெய்டில் நாங்கள் இருந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கலன்களைக் கழுவுவது மெரிலின் ட்ரெகென்ஸாவின் வேலை. கழுவுவது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். முதலில் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். பிறகு தூய நீரில் ஐந்து முறை கொதிக்கவைக்க வேண்டும். வெறுங்கை படக் கூடாது. அந்தக் கலனில் ஊற்றும் அமிலத்துக்குள்தான், மயிரிழையிலும் மெல்லிய பிளாட்டினப் படலம் ஒன்று ஆக்சிஜனைத் தண்ணீராக்கும். துளி உப்பு கலந்தாலும் போயிற்று. அது படலத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனுக்கு இடமிருக்காது.

எங்கள் ஆய்வாளர் டாக்டர் ஹார்ட்விக் நோஸ்கேயின் படலம் இரண்டு வாரமாகத் தினமும் மதியத்துக்குள் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை தேநீர் வேளையில், லாமிங்டன் கேக்கைக் கடித்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"மெரிலின், குழாய்த் தண்ணியிலதான அலசுறீங்க? நம்மூர்த் தண்ணியில சூப்பு வெச்சா உப்பே போட வேணாம். உங்க ஒப்பந்தத்தப் புதுப்பிக்க வேணாம்னு மேல எழுதிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது இன்னும் சுடுகிறது.

மெரிலின் கோப்பையை ணங்கென்று வைத்தாள்.

"எந்திரி, ஹார்ட்விக்."

"டீ குடிச்சிட்டு..."

"எந்திரிங்கிறேன்! எல்லாரும் வாங்க."

தான் கழுவிய கலனில் தூய நீரை ஊற்றி, அதில் கொஞ்சம் எடுத்து வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டாள். உப்பிருந்தால் பால்போல் வெளுக்கும். வெளுக்கவில்லை.

"என் கண்ணாடி அழுக்குன்னா காலையிலயே கெட்டிருக்கணும். மத்தியானம் வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கு? மின்னழுத்தம் அளக்குற ஹைட்ரஜன் குழாயப் பாத்துக்கிறது தொல்லைன்னு, அதுக்குப் பதிலா கலனுக்குள்ள உப்புக் கரைசல் குழாயச் சொருகினது யாரு?"

அந்தக் குழாயை எடுத்து, வெளிப்புறத்தை நன்றாக அலசி, அதே நீரில் நிறுத்தினாள். பத்து நிமிடம் யாரும் நகரவில்லை. பிறகு ஒரு சொட்டு. நீர் வெள்ளையாகக் கலங்கிற்று.

ஹார்ட்விக் முகம் சிவந்தார். "முனை கசிஞ்சிருக்கு. சின்ன விஷயம். சாயங்காலம் மாத்தி எழுதிடறேன்."

"என் பொழப்பு உனக்குச் சின்ன விஷயமா? இப்ப எழுது. இவங்க நிக்கிறப்பவே எழுது."

அவர் கணினிமுன் உட்கார்ந்தார். 'ஒரு குழாய் கசிந்ததே காரணம்' என்று திரையில் வந்தது.

"யாரு வெச்ச குழாய்?"

விரல்கள் தயங்கின. பின் 'நான் வைத்த' என்ற சொற்கள் முன்னால் சேர்ந்தன. அவர் இன்னொரு முறை படித்துப் பார்க்கக் குனிந்தார். அதற்குள் மெரிலின் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மேசை அதிர, அனுப்பும் பொத்தானைக் குத்தினாள்.