வடக்கு இறவாரம்

ஹாக்ஸ்வெல் தேவாலயத்தில் எதையாவது கட்டியவன் எவனும் தன் பேரைப் போடாமல் விட்டதில்லை. கோபுரத்தை எழுப்பிய நார்மன் பிரபு வாசல் தூணில் தன் மூஞ்சியைச் செதுக்கிவைத்தான். கம்பளி விற்றுக் கொழுத்த ஒரு வியாபாரி வடக்குப் பக்கம் நீளக் கூடம் ஒன்றைச் சேர்த்து, சன்னல் கண்ணாடி ஓவியத்தில் புனிதர்களின் காலடியில் தானும் மண்டியிட்டான். இங்கிலாந்து ராஜாவின் தலையை வெட்டிய காலத்தில் சிப்பாய்கள் வந்து புனிதர்களை உடைத்தார்கள், வியாபாரியை விட்டுவிட்டார்கள். இப்போது மாவு மில்காரன் ஆம்ப்ரோஸ் தர்லோவின் முறை. அவன்தான் சபையின் வார்டன், தேவாலயக் கட்டடத்துக்குப் பொறுப்பாளி.

வடக்குக் கூரைக்கு மழைநீரைப் பிடித்து வடிக்கும் பீலி கிடையாது. மழை ஈயத் தகட்டில் வழிந்து இறவாரத்தின் நுனியிலிருந்து நேரே மண்ணில் சொட்டும். சுவர் பாசி பிடித்து இற்றுக்கொண்டிருந்தது. ஆனால் ஊர்ப் பெண்களுக்கு அந்தச் சொட்டு வேண்டியிருந்தது. செத்துப் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு அடக்க ஜெபமும் இல்லை. ஆகவே அப்பன்காரன் பொழுது சாயும்போது மண்வெட்டியோடு போய் இறவாரத்துக்கு நேர் கீழே புதைத்துவிட்டு வருவான். தேவாலயக் கூரையைத் தொட்டு விழும் முதல் மழையே அதற்கு ஞானஸ்நானம். குருமார்களுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்ள அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆம்ப்ரோஸின் மனைவி கெசியாவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஜூன் மாதம் ஒரு பெண் பிறந்தது. அழவில்லை. ஆம்ப்ரோஸே தோண்டினான். அன்றைக்கு ஆரம்பித்த வெயில் ஆகஸ்ட் முடியப்போகும்போதும் விடவில்லை. ஊரே கிணறு வற்றியதே என்று புலம்ப, கெசியா வேறொரு மழைக்காக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது ஆம்ப்ரோஸ் வாய் நிறையச் சிரித்தான். “வடக்குப் பக்கத்துக்கு இரும்புப் பீலி போடறோம். செலவு நம்மளுது. குழாய்க்கு மேல தொட்டி இருக்கில்ல, அதுல ஏ.டி.ன்னு என் பேரோட முதலெழுத்து வரும். லண்டன்ல இருந்து வந்த கட்டடக்காரரே வரைஞ்சு கொடுத்துட்டாரு.”

கெசியா ரொட்டியைக் கீழே வைத்தாள். “அவ மேல இன்னும் ஒரு சொட்டு விழலங்க.”

“தெரியும்.”

“ஒரே ஒரு மழை வரட்டும். அப்புறம் தங்கத்துலகூடப் போட்டுக்கோங்க.”

“அறுப்புப் பண்டிகைக்கு பிஷப் வர்றாரு, கெசியா. அதுக்குள்ள முடிக்கணும். மழை என்ன என் வேலைக்காரனா, கூப்பிட்டா வர?”

“பீலி உங்க வேலைக்காரன்தானே. அத நிறுத்தலாமில்ல?”

அவன் பன்றி இறைச்சியை வெட்டுவதில் மும்முரமானான். அந்தத் தட்டைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் குருவானவர் பெல்லமியிடம் போனாள். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், தேநீர் கொடுத்தார், எல்லா மரியாதையும் செய்தார்.

“மிசஸ் தர்லோ, இதெல்லாம் பழங்கால மூடநம்பிக்கை. தேவனோட இரக்கத்துக்குக் கூரைத் தண்ணி எதுக்குங்க?”

“அப்போ அவளுக்கு நீங்களே வந்து ரெண்டு வார்த்தை ஜெபம் பண்ணுங்கய்யா. நான் மழையக் கேக்கவே மாட்டேன்.”

குருவானவர் கோப்பைக்குள் பார்த்தார். “ஞானஸ்நானம் இல்லாம ஜெபம் பண்ண சபை முறை இடம் கொடுக்காதும்மா.”

“இரக்கத்துக்குத் தண்ணி வேணாம், உங்களுக்குத்தான் வேணும். அப்படித்தானேய்யா?” என்று எழுந்தாள். தேநீரைத் தொடவில்லை.

பண்டிகைக்கு முந்தைய நாள் பீலி முடிந்தது. கறுப்புச் சாயத்தில் பளபளத்த தொட்டியில் ஏ.டி. என்ற எழுத்துக்குப் பொன் பூசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்தடியில் கோதுமைக் கதிரும் ஆப்பிளும் குவிந்திருந்தன. பிஷப் பிரசங்கத்தின் நடுவில் இருந்தபோது வானம் இடித்தது. கொட்டியது மழை. சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வடக்குச் சுவருக்கு வெளியே குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் உள்ளே எல்லாருக்கும் கேட்டது. பிஷப் புன்னகையோடு வார்டனைப் பார்த்துத் தலையசைத்தார்.

கெசியா வார்டன் குடும்பத்து முன்வரிசையிலிருந்து எழுந்து, அத்தனை பேர் பார்க்க வெளியே நடந்தாள்.

வடக்குப் பக்கம் புல் நனைந்திருந்தது. வானத்து மழை விழத்தான் செய்தது. கூரையைத் தொட்ட மழை மட்டும் ஒரு துளி விடாமல் குழாய் வழியாகக் கல் வாய்க்காலில் இறங்கி, பாதையோரச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய்க்காலில் கையைவிட்டு அள்ளினாள். விரலிடுக்கில் வழிந்ததுபோக மிஞ்சியதைப் பிள்ளை கிடந்த இடத்துப் புல்லில் விட்டாள். மறுபடி அள்ளினாள். இது செல்லுமா செல்லாதா என்று சொல்ல ஊரில் யாருமில்லை. இப்படி யாரும் செய்ததில்லை.

ஆராதனை முடிந்ததும் ஆம்ப்ரோஸ் குடையோடு ஓடிவந்தான். முகமெல்லாம் பூரிப்பு. அண்ணாந்து பீலியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான்.

“பிஷப் என் கையப் பிடிச்சுக் குலுக்கினாரு. பாத்தியா கெசியா, ஒரு சொட்டு கூடக் கீழ விழல.”

சொன்ன பிறகுதான் அவன் கண் தரைக்கு இறங்கியது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

“போட்டுக்கோங்க,” என்றாள் கெசியா, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு. “இங்க தொப்பி கழட்டற அளவுக்கு யாரும் இல்லன்னு குருவானவர் ஐயா சொல்லிட்டாரு.”