கக்கத்தில் ஒரு பிளாஸ்க்

எங்கள் ஊர் சால்ட்டோவிலிருந்து பஸ் ஏறி, தலைநகர் மொந்தெவிதேயோவில் மூன்று நாள் தங்கினோம். டீ மாதிரி ஊறவைத்து உறிஞ்சும் மாத்தே இலைக்கு ஊற்றும் வெந்நீர் பிளாஸ்க் என் வீட்டுக்காரர் ஒராசியோவின் கக்கத்தைவிட்டு இறங்கவேயில்லை. மகள் மிகாயெலாவைக்கூட அவர் அப்படி அணைத்துப் பிடித்ததில்லை. நுழைந்த ஹோட்டலிலெல்லாம் சண்டை வேறு: “தண்ணிய ஏன்யா கொதிக்கவிட்டே? இலை வெந்து கசந்துபோகும்ல!”

கடைசி நாள், நாடக அரங்கின் வாசலில் காவலாளி மறித்தான்.

“பிளாஸ்க்க வெளிய வச்சிட்டுப் போங்க.”

“அப்ப நானும் வெளியவே இருந்துக்கறேன்.”

படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் மகளும் உள்ளே போய் வாய்பிளந்து பார்த்துவிட்டு வந்தோம்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரி என்னிடம், “தலைநகரம் எப்படி இருந்துச்சுக்கா?” என்றாள்.

ஒராசியோ துரை முந்திக்கொண்டார்: “அங்க என்னம்மா இருக்கு? வெந்நி போடத் தெரியாத ஜனங்க!”