ஆண்ட்வெர்ப்பில் ட்ரெவரின் குரல்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் அறுக்கும் வேலை பார்த்த ட்ரெவருக்குத் தன் குரல் மேல் இருந்த மரியாதை வேறு யார் மேலும் கிடையாது. கீச்சென்று உச்சிக்கு ஏறும் குரல் அது. அதை நம்பித்தான் மூன்று பேர் சேர்ந்து ‘நார்த் வார்ஃப்’ என்று ஒரு குழு ஆரம்பித்து, எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரே ஒரு பாட்டைப் பெரிய இசைத்தட்டாக வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் சீந்த ஆளில்லை. வாங்கிய சொந்தக்காரர்கள்கூட முழுசாகக் கேட்டதாகச் சொல்லவில்லை.

ஆனால் பெல்ஜியத்தில் அது சக்கைப்போடு போட்டது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ட்ரெவருக்கு மட்டும் புரிந்திருந்தது. “அங்கே காது உள்ளவங்க இருக்காங்க” என்றான். ஞாயிற்றுக்கிழமை மதியம் இசைத்தட்டு போட்டு எல்லோரும் ஆடும் ஆண்ட்வெர்ப் மண்டபம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கப்பலேறிப் போய் இறங்கினார்கள்.

மண்டபக்காரர் யோஸ் ஓடிவந்து, கிட்டார் வாசிக்கும் ஹோவர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஹோவர்ட் ஆள் வாட்டசாட்டம், வாய் மட்டும் திறக்கமாட்டான்.

“அந்தக் குரலுக்கு இப்படி உடம்புதான் இருக்கணும்னு நெனச்சேன்!”

“பாடினது நான்” என்றான் ட்ரெவர்.

யோஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? தம்பி, வெளையாடாதீங்க.” தட்டை எடுத்துச் சுழலவிட்டார். கிணற்றுக்குள் விழுந்த எருமை ஒன்று காதலைச் சொல்வதுபோல் பாட்டு வந்தது. ட்ரெவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

டிரம் வாசிக்கும் லொரெய்ன்தான் முதலில் கண்டுபிடித்தாள். “இது நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்தணும். நீங்க முப்பத்துமூணுல விட்டிருக்கீங்க, அதான் குரல் இப்படித் தடிச்சுப்போச்சு.”

“பெரிய தட்டுன்னா மெதுவாத்தானேம்மா சுத்தும்? வேற வேகம்னா லேபிள்ல போட்டிருக்கணும். இதுல ஒண்ணுமே இல்லையே.”

லேபிளை எழுதிக் கொடுத்தது ட்ரெவர். லொரெய்ன் மெல்லத் திரும்பினாள். “ஏன்டா, உன் பேரைக் கொட்டை எழுத்துல போட இடம் பத்தலேன்னு எதையோ எடுத்தியே, என்ன எடுத்தே?”

“ஒரு நம்பர்தானே...”

“நம்பராம்! பேசாம ஹோவர்டை முன்னாடி நிறுத்துவோம். குரலுக்கு ஆளும் பொருத்தமா இருக்கான்.”

ட்ரெவர் பாய்ந்து ஹோவர்டுக்கு முன்னால் போய் நின்றான். இத்தனை வருஷம் கனவு கண்டது ஹோவர்டுக்குப் பின்னால் நின்று கைதட்டவா? “அது என் தொண்டை! மெதுவா ஓடினாலும் என் தொண்டைதான்! நான்தான் நிப்பேன்” என்று கத்தினான். கத்தல் கீச்சென்றுதான் வந்தது.

யோஸ் சமாதானம் செய்தார். இங்கே யாரும் நிஜமாகப் பாடுவதில்லையாம். தட்டு பாடும், ஆள் வாயசைத்தால் போதுமாம்.

மேடையேறினான். பாட்டு தொடங்கியது, கூட்டம் ஆடியது. ஆனால் அந்தப் பாட்டை ஆயிரம் தடவை பாடிய வாய்க்குப் பழைய வேகம்தான் தெரியும். இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. கடைசி வரியை முடித்து வாயை மூடியபோது, பாட்டில் இன்னும் ஒரு நிமிஷம் பாக்கியிருந்தது. எருமை தனியாகப் பாடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் நின்றது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ட்ரெவருக்குத் தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், உதட்டை இறுக்கிக்கொண்டு மலங்க மலங்க விழித்தான்.

மண்டபமே அலறியது. விசில் கூரையைத் தொட்டது. வாயைத் திறக்காமலே பாடுகிற திமிர் எவனுக்கு வரும்!

யோஸ் மேடைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தார். “பத்து ஊர், ஐயா! பிரஸ்ஸல்ஸ், கெண்ட், எல்லாம்! உங்களைத்தான் கேக்கறாங்க, முன்னாடி நீங்கதான் நிக்கணும்.” ஒப்பந்தத்தை நீட்டினார். ட்ரெவர் லொரெய்னைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படித்தான். ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது: பாடகர் எந்த ஊரிலும் பாடக் கூடாது.

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.