திருமூர்த்தி அடைத்த சந்துகள்

திருமூர்த்திக்குச் செங்கல் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. கோயம்புத்தூரில் சிவில் படித்தவர். படித்ததோடு சரி. இருபத்தாறு வருஷமாக டெக்சாஸில் சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங்தான் பிழைப்பு. சொந்தமாக ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டினதில்லை. ஆனாலும் ரிச்சர்ட்சன் பக்கம் நம் ஊர்க்காரர் யார் வீடு வாங்கினாலும் "திருமூர்த்தி அண்ணனுக்கு ஒருக்கா காட்டிருங்க" என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. அவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மனுஷனுக்கு மறுக்கத் தெரியாது என்று அவர் மனைவி கலாவதி எல்லோரிடமும் சொல்வாள். தெரியாதது என்ன, மனசு வராது. நாலு பேர் தன் பேச்சுக்குத் தலையாட்டுகிற சுகம் யாருக்குத்தான் கசக்கும்?

வெள்ளியங்கிரி அவர் ஆபீஸில் வேலை பார்க்கிற பொள்ளாச்சிப் பையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் அவன் மனைவி சண்முகப்ரியாவும் ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கிப் பால் காய்ச்சினார்கள். அன்றைக்கே திருமூர்த்தி வீட்டைச் சுற்றி வந்தார். செங்கல் வரிசையின் அடியில், தரைக்கு ஒரு சாண் மேலே, மூன்று கல்லுக்கு ஒரு சந்து கலவையே இல்லாமல் திறந்து கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தார், உள்ளே போனது.

"பாத்தியா கண்ணு, கொத்தன் பாயிண்டிங் பண்ணாம ஏமாத்திட்டு ஓடிட்டான். இதுல தேள் போகும், எலி போகும், மழத்தண்ணி போகும். நம்மூர்ல இப்படி விட்டா மேஸ்திரிய உதைப்பாங்க."

அடுத்த சனிக்கிழமையே கலவை மூட்டை வாங்கி வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, நாற்பத்தியொரு சந்தையும் தன் கையாலேயே அடைத்தார். ஒரு பொட்டுக் கலவை கல்லில் படவில்லை, அவ்வளவு சுத்தம். ப்ரியா மோர் கொண்டு வந்து கொடுத்து, "உங்களுக்கு எப்படித்தான் நன்றி சொல்றதுன்னே தெரிலீங்ணா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் ஒரு மாதம் மகிழ்ந்தார்.

போன குளிர்காலத்தில் அந்த வீட்டில் ஓதம் ஏறியது. வாசலை ஒட்டின அறை, அவர்கள் மகள் வான்மதி தூங்குகிற அறை. முதலில் ஒரு வாடை, அப்புறம் சுவரடியில் கறுப்புப் புள்ளி, கடைசியில் கார்ப்பெட்டை மிதித்தால் சாக்ஸ் நனைந்தது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு இருமல் நிற்கவே இல்லை. படுக்கையை ஹாலுக்கு மாற்றிவிட்டு, யாரைக் கூப்பிடுவான் வெள்ளியங்கிரி? அண்ணனைத்தான்.

அண்ணன் வந்தார், மோந்தார், தட்டிப் பார்த்தார். தான் அடைத்த இடத்தைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, ப்ரியாவின் பக்கம் திரும்பினார். அவள் தினமும் காலையில் ஒரு பக்கெட் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறவள். குளிர் நாளில் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறவள்.

"அம்மிணி, நீ ஊத்தற தண்ணிதான் செவுத்துல ஏறுது. இது நம்மூர் கல்லு செவுரு இல்ல, உள்ள பூரா மரம். பிள்ள இருமுதுன்னா காரணம் வேற எங்கயும் தேட வேண்டாம்."

அவள் அன்றோடு வாசல் தெளிப்பதை நிறுத்தினாள். துணியை வெளியே, கார் நிற்கிற இடத்துக்குப் பின்னால் கொடி கட்டிக் காயவைத்தாள். ஓதம் நிற்கவில்லை. ஆபீஸில் வெள்ளியங்கிரி போனில் அவளிடம் குரலை உயர்த்துவதைத் திருமூர்த்தியே இரண்டு தரம் கேட்டிருக்கிறார். "இன்னும் என்னத்த ஊத்தற நீ? அண்ணன் சொன்னாருல்ல? பிள்ளைக்கு மூச்சு வாங்குது ப்ரியா." கேட்டுவிட்டுப் பேசாமல் காப்பி எடுக்கப் போனார். அதோடு விட்டாரா? தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில், பத்துப் பேர் நடுவில், "நம்ம ப்ரியா வாசல் தெளிச்சே வீட்டக் கரைச்சுட்டா" என்று வேறு சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்ன செய்வாள் பாவம்?

மார்ச் மாதம் கார்ப்பெட்டைப் பிரித்த ஆள், இது உள் விவகாரம் இல்லை, செங்கல் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்படித்தான் ரமீரோ வந்தார். அறுபது வயசு இருக்கும், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். வந்தவர் ஏமாற்றிவிடக் கூடாதே என்று திருமூர்த்தியும் வந்து, வெள்ளியங்கிரியோடு பின்னாலேயே நின்றார்.

ரமீரோ அவசரப்படவில்லை. கூரைத் தண்ணீர் விழுகிற குழாயைப் பார்த்தார். ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார். ஸ்பிரிங்க்ளர் எங்கே அடிக்கிறது என்று ஓடவிட்டுப் பார்த்தார். ஈரம் காட்டுகிற மீட்டரைச் சுவரில் மேலிருந்து கீழாக வைத்துக்கொண்டே வந்தார். மேலே காய்ந்திருந்தது, கீழே வரவர எண் ஏறியது. அடிக்கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்தவர், ஒரு சந்தின் மேல் கட்டைவிரலை வைத்து, இங்கிலீஷில் கேட்டார்.

"இதையெல்லாம் யார் அடைத்தது?"

திருமூர்த்திக்கு வாய் சும்மா இருக்குமா? "திறந்து கிடந்தால் தண்ணீர் உள்ளே போகாதா?" என்று கேட்டார்.

ரமீரோ சிரிக்கவில்லை. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். இந்தச் செங்கல், வீட்டைத் தாங்குகிற சுவர் இல்லை, வீட்டுக்குப் போட்ட சட்டை. மழை பெய்தால் செங்கல் குடிக்கத்தான் செய்யும். குடித்தது பின்பக்கம் இறங்கி, அடியில் இருக்கிற சந்து வழியாக வெளியே வடிந்துவிடும். அதற்காகவே கொத்தன் விட்ட வழி அது. அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் போகும்.

சொல்லிவிட்டு டிரில்லை வைத்து ஒரு சந்தைத் திறந்தார். கலவை பொடிந்து விழுந்ததும், முந்தாநாள் மழை பழுப்பாக ஒழுகிக் கல்லில் இறங்கியது.

"வாசலில் தண்ணீர் தெளிப்பது..." என்று வெள்ளியங்கிரி மெதுவாக ஆரம்பித்தான்.

"அது சிமென்ட் மேல் ஓடிப் புல்லுக்குப் போகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றார் ரமீரோ. "அடைத்தது யார் என்று சொன்னால் நல்லது. அதே ஆள் வேறு எங்கே கை வைத்தான் என்று நான் பார்க்க வேண்டும்."

திருமூர்த்தி வாயைத் திறந்தார். அதற்குள் வெள்ளியங்கிரி முந்திக்கொண்டான். "நாங்கள் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

இவ்வளவு நடந்தும் அவருடைய மரியாதையைக் காப்பாற்றப் பையன் பூசி மெழுகுகிறான். காலில் கிடப்பதைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். காது மடல் சுட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரியாதவரா அவர்? தெரிந்தே அதை ஊர் பூராவும் பந்தி வைத்திருக்கிறார்.

"எவனோ, வேலை மட்டும் சுத்தமாகச் செய்திருக்கிறான்" என்று ரமீரோ அடுத்த சந்துக்கு நகர்ந்தார்.

"நான்தான்" என்றார் திருமூர்த்தி. "நான்தான் அடைத்தேன். நாற்பத்தியொன்று. வேறெங்கும் தொடவில்லை."

ரமீரோ தலையை மட்டும் ஆட்டிவிட்டு டிரில்லை ஓடவிட்டார். அவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

திருமூர்த்தி வீட்டுக்குள் போனார். வான்மதியின் அறை ஜன்னல் திறந்திருந்தது. ஹாலில் நின்ற ப்ரியாவுக்கு எல்லாமே கேட்டிருக்கும். தரையில் கிடந்த மெத்தையில் பிள்ளை படம் வரைந்துகொண்டிருந்தது, நடுவில் இரண்டு தரம் இருமியது. அந்த இருமலைக் கேட்டதும் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தை எல்லாம் மறந்துபோயிற்று.

"அம்மிணி, தப்பு எம்மேலதான். உம்மேல பழிய போட்டுட்டேன். பொங்கல் அன்னைக்குப் பத்துப் பேரு முன்னால வேற... அத்தன பேர்கிட்டயும் நானே சொல்றேன். கூச்சமா இருக்குது, உன் மூஞ்சியப் பாக்க முடியல."

ப்ரியா அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"விடுங்ணா. நீங்க மூணாம் மனுசரு. பாத்தீங்க, தப்பாச் சொல்லிட்டீங்க." வாசல்படியில் வந்து நின்ற வெள்ளியங்கிரி காதிலும் விழட்டும் என்றுதான் அடுத்ததைச் சொன்னாள். "எட்டு வருசமா கூட இருக்கறவரு. ஒரு நாளாச்சும் 'அப்படியா ப்ரியா'ன்னு எங்கிட்டக் கேட்டாரா? கேக்கல. நானே நம்பிட்டேனுங்ணா. எம்பிள்ளைய நாந்தான் சீக்காளி ஆக்கிட்டேன்னு எத்தன நாளு அழுதிருக்கேன்."

வெள்ளியங்கிரி ஷூவைக் கழற்றக் குனிந்தவன் நிமிரவே இல்லை. திருமூர்த்திக்கு எங்காவது ஓடிப்போய்விட வேண்டும்போல் இருந்தது. "நான் கெளம்பறேன் அம்மிணி" என்று முனகினார்.

"மணி பன்னெண்டாச்சு. சாப்புட்டுட்டுப் போங்ணா."

சாப்பிடாமல் போனால் அவளை இன்னொரு தரம் அவமானப்படுத்தினதாகிவிடும். உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்காது. உட்கார்ந்தார். ப்ரியா உள்ளே போய் ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்து அவர் முன்னால் வைத்து, சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். வெள்ளியங்கிரியும் கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். அவனுக்கு அவள் தட்டு வைக்கவில்லை.