கும்புக்கொல்லைக் குளத்துப் பாதரசம்

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் கும்புக்கொல்லைக் குளம் வற்றியபோது, ஒன்பது மாதங்களுக்கு முன் காணாமற்போன வேலாயுதம் நடுச்சேற்றில் பாதரசமாகப் படுத்திருந்தான். உடைந்த முன்பல்லும் இடக்காதுத் தழும்பும் அப்படியே இருந்தன. நீர்ப் பரிசோதனை அதிகாரி இராசலிங்கம் நாடா பிடித்து அளந்தார். ஐந்தடி ஆறங்குலம். பாதரசம் ஓரிடத்தில் அவ்வளவு சேர்ந்து அவர் பார்த்ததில்லை.

பருத்தித்துறைக்காரரான இராசலிங்கம் எழுபத்தெட்டில் மாத்தளைக்கு மாற்றலாகி வந்தவர். பல்லேகமவுக்கு அப்பாலிருந்த அந்தக் குளத்துச் சேற்றைக் குழாயால் குத்தியெடுத்து, அதில் பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். முன்னொரு காலத்தில் மேட்டு ஓடையில் பொன் அரித்தவர்கள் விட்டுப்போனது என்று ஊரில் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கிவந்து அங்கே மீன் பிடித்துப் பிழைத்த வேலாயுதத்துக்கு விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. ஊரில் ஏழு பிள்ளைகளுக்கும் அதே நடுக்கம்.

“சேத்துக்குள்ளை இருக்கிற கிருமியள் அதை நஞ்சாக்குதுகள். சின்ன மீனுக்குப் போய், பெரிய மீனுக்குப் போய், கடைசியா உங்களுக்குள்ளை வருது. வெயிலுக்கு ஆவியாப் போனாலும் மழையோடை திரும்பி வந்திடும்” என்று இராசலிங்கம் அவனிடம் சொல்லியிருந்தார்.

“அப்ப அது சாவவே சாவாதுங்களா ஐயா?” என்று சிரித்துவிட்டு, வேலாயுதம் மறுநாளும் வலை வீசினான். எண்பத்தொன்பது கார்த்திகையில் இலக்கத் தகடில்லாத வாகனமொன்று அவனை ஏற்றிப்போனது.

மனைவி சுந்தரம்மா முழங்கால் சேற்றில் இறங்கி அவனை வாளியில் அள்ளப் பார்த்தாள். விரலிடுக்கால் உருண்டோடிய மணிகள் பழைய இடத்துக்கே போய்த் தோளாகவும் கையாகவும் சேர்ந்துகொண்டன. வெயில் ஏற ஏற அவன் மெலிந்தான். புரட்டாசி முடிவில் தகடு போலாகி, பிறகு இல்லாமற்போனான். ஐப்பசியில் குளத்தின்மேல் மட்டும் வெள்ளிநிறத்தில் ஒரு மழை பெய்தது. அடுத்த ஆவணியில் மறுபடி படுத்திருந்தான், தலை அவள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. அதற்கடுத்த வருஷம் வாய் சற்றுத் திறந்திருந்தது.

பின்னர் காணாமற்போன மற்றவர்களும் குளத்துக்கு வந்தார்கள். உக்குவளையிலிருந்து வந்த றம்லா தன் அண்ணனை, அவளுடைய நானாவை, சட்டைப் பொத்தானை வைத்து அடையாளம் கண்டாள். தொண்ணூற்று நாலில் பதினொரு பேர் இருந்தார்கள். அந்தக் குளத்து மீனை யாரும் தொடுவதில்லை. இராசலிங்கம் பன்னிரண்டு வருஷம் சொல்லியும் நடக்காதது அப்படி நடந்தது. பிள்ளைகளின் கைநடுக்கம் ஒவ்வொன்றாக நின்றது.

தொண்ணூற்றாறில், சேற்றை வெட்டி லொறிகளில் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இராசலிங்கத்தின் சிபாரிசு மட்டுமே பாக்கி. சுந்தரம்மா அவர் வேலை செய்த கந்தோருக்கு வந்து நின்றாள்.

“ஒரு தடவ ஏத்திக்கிட்டுப் போனாங்க ஐயா. மறுபடியும் ஏத்த விட்ருவீங்களா?”

அன்று பின்னேரம் அவர் சிபாரிசை எழுதினார்: வெட்டினால் நஞ்சு கலங்கி வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும், சேற்றைக் கலைக்கக் கூடாது. அது உண்மைதான். உண்மையாக இல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்து வெகுநாள் வெட்கப்பட்டார்.

ஓய்வுபெற்ற பிறகும் ஆவணிதோறும் பஸ் ஏறி வந்து பார்த்துப்போவார். போர் முடிந்த இரண்டாயிரத்தொன்பது வைகாசிக்குப் பின் வன்னியிலிருந்த தங்கை தவமணிதேவியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம் பட்டியல்களில் பெயர் இல்லை. அதே வைகாசியில் வடக்கிலிருந்து பருவம் தப்பி வந்த மேகமொன்று கும்புக்கொல்லைக் குளத்தின்மேல் மட்டும் இரண்டு நாள் பெய்ததாக ஊரார் சொன்னார்கள்.

அந்த ஆவணியில் சுந்தரம்மா அவருக்காகப் பஸ் தரிப்பிடத்திலேயே காத்திருந்தாள்.

“ஐயா, புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க. மூக்குக்கண்ணாடி போட்டிருக்காங்க. உங்க மொகச் சாடதான்.”

இராசலிங்கம் குளத்தங்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்தார். வேலாயுதத்துக்கு நாலடி தள்ளி, ஒருக்களித்துப் படுத்திருந்தவளின் அருகே குந்தினார்.

“தேவி, எப்ப வந்தனீ?” என்று கேட்டார்.

மழை தொடங்கும்வரை அவர் அந்த ஊரிலேயே தங்கினார்.